பொன்னாடை இருக்கட்டும், முதலில் பெயரை எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுதந்திர தினமோ குடியரசு தினமோ முடிந்த கையோடு நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் தவறாமல் வந்துவிடுகிறது. வயதான ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், சட்டையில் மெடல்கள் தொங்கும், ஒருவர் அவருக்குப் பொன்னாடை போர்த்துவார், போர்த்துகிறவரின் கண் மட்டும் கேமரா பக்கம் இருக்கும். கீழே 'முன்னாள் ராணுவ வீரர்கள் கௌரவிக்கப்பட்டனர்' என்று ஒரு வரி. போர்த்தியவரின் பெயர், பதவி, கட்சி, கூட வந்தவர்கள் பெயர் எல்லாம் இருக்கும். போர்த்திக்கொண்டவர் பெயர் பல நேரம் இருக்காது. இருந்தாலும் அவர் எந்தப் படையில் இருந்தார், எங்கே நின்றார், அந்த மெடல் எதற்குக் கிடைத்தது என்று ஒரு சொல் கூட இருக்காது. உங்கள் நாளிதழை மட்டும் சொல்லவில்லை, எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள். ஆனாலும் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போது எழுதுகிறேன், கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். எங்கள் பக்கத்தில் இது அதிசயம் இல்லை. கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர் இருக்கிறது, அதை ராணுவப்பேட்டை என்றுதான் சுற்று வட்டாரத்தில் சொல்வார்கள், முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பிய ஊர். அப்படிப்பட்ட மாவட்டத்திலேயே எட்டாம் வகுப்பில் நின்று, உங்கள் தெருவில் மிலிட்டரிக்காரர் யார் இருக்கிறார் என்று கேட்டால் பாதி வகுப்பு கை தூக்கும். அவர் எந்த ரெஜிமென்ட், எங்கே இருந்தார் என்று கேட்டால் கைகள் இறங்கிவிடும். சொந்தப் பேரனுக்கே தெரியாது. "பார்டர்ல இருந்தாரு டீச்சர்" என்பான். அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் வீட்டில் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

பார்டர் என்பது ஒரு இடமா? ராஜஸ்தான் மணலில் நின்றவரும் அருணாசலப் பிரதேசத்து மழைக்காட்டில் முதுகில் ரேஷன் சுமந்து ஏறினவரும் லடாக்கில் மூச்சு வாங்கினவரும் ஒரே வாழ்க்கையா வாழ்ந்தார்கள்? சமையல்காரராகப் போனவர், வயர்லெஸ் பார்த்தவர், லாரி ஓட்டினவர், பாலம் கட்டினவர் என்று எத்தனை வகை. மதராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படையில் இருந்தவர்களைப் பட்டாளம் முழுக்கத் 'தம்பி' என்றே கூப்பிடுவார்கள், அந்த அளவுக்குத் தமிழ் ஆட்கள் நிறைந்த படை அது, இன்றைக்கும் பெங்களூரில் அதன் மையம் இருக்கிறது. 1944-இல் இத்தாலியில் அந்தப் படையின் சுபேதார் சுப்பிரமணியன் கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிரை விட்டார். அதற்காக அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீர விருது கிடைத்தது. சென்னையில் எத்தனை பள்ளியில் இந்தப் பெயர் தெரியும்? நான் கேட்டுப் பார்த்த இடத்தில் ஆசிரியர்களுக்கே தெரியவில்லை.

மெடல் விஷயம் சொன்னேன் அல்லவா, அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. ஒரு பழைய சிப்பாயின் சட்டையில் தொங்குகிற ரிப்பன்களைப் படிக்கத் தெரிந்தால் ஒரு பாடப் பொழுது முழுக்க வரலாறு நடத்தலாம். பூர்வி ஸ்டார் இருந்தால் 1971-இல் கிழக்கு வங்கப் பக்கம் இருந்திருக்கிறார், பஸ்சிமி ஸ்டார் இருந்தால் மேற்கு எல்லை. சியாச்சின் மெடல் தனி, உயரமான மலைப் பகுதியில் இருந்ததற்கு ஒன்று தனி. ஒரு பையன் அவர் பக்கத்தில் போய், தாத்தா இது எதுக்கு, அது எதுக்கு என்று விரல் வைத்துக் கேட்டால் போதும், டிசம்பர் 3-ஆம் தேதி தொடங்கி 16-ஆம் தேதி டாக்காவில் முடிந்த போரும், கிட்டத்தட்ட 93,000 பேர் சரணடைந்ததும், ஒரு புதிய நாடு பிறந்ததும் அந்த நெஞ்சிலிருந்தே வெளியே வரும். புத்தகத்தில் இதே விஷயம் சில வரிகளில் முடிந்துவிடுகிறது, பையன்கள் ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்து பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். 1971-இல் இளவட்டமாக இருந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். 1965-ஐப் பார்த்தவர்கள் எண்பதையும் தாண்டியவர்கள், அவர்களில் எத்தனை பேர் மிச்சம் என்று ஒவ்வொரு ஊரிலும் எண்ணிப் பாருங்கள்.

ஆனால் பள்ளி விழாவில் என்ன நடக்கிறது? சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசுவார், வெயிலில் பிள்ளைகள் ஒவ்வொருவராக மயங்கி உட்காருவார்கள், ஊரின் பழைய சுபேதார் மேடையில் ஓரமாக உட்கார்ந்திருப்பார், கடைசியில் நேரமாகிவிட்டது என்று அவரை மிட்டாய் கொடுக்கச் சொல்வார்கள். பேசச் சொன்னாலும் 'இளைஞர்களுக்கு அறிவுரையாக இரண்டு வார்த்தை' என்பார்கள். ஐயா, அவரிடம் அறிவுரை கேட்காதீர்கள். அறிவுரை சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறோம். அவரிடம், மைனஸ் முப்பது டிகிரியில் காலையில் எப்படிப் பல் துலக்கினீர்கள் என்று கேளுங்கள், லீவு கிடைத்து ரயிலில் ஊர் வந்து சேர எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள், இந்தி தெரியாமல் போய் முதல் மாதம் என்ன பாடுபட்டீர்கள் என்று கேளுங்கள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். நான் வகுப்பில் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன், ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்து மேடை, மைக் எதுவும் இல்லாமல் பெஞ்சில் உட்காரவைத்தேன், மணி அடித்த பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர் ஒரு வீரத்தையும் சொல்லவில்லை. ரொட்டி சாப்பிடப் பழகிய கதையையும், பக்கத்துப் பங்கரில் இருந்த சீக்கியர் ஒருவர் தனக்குச் சப்பாத்தி மாவு பிசையக் கற்றுக்கொடுத்ததையும், பதிலுக்குத் தான் ரசம் வைத்துக் கொடுத்ததையும்தான் சொன்னார். தேசிய ஒருமைப்பாடு என்று பாடநூலில் ஒரு அத்தியாயம் இருக்கிறது, அதை ஆண்டுதோறும் நடத்தியும் எனக்கு அப்படி ஒரு அமைதி வகுப்பில் கிடைத்ததில்லை.

வேலூர் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு, யாரும் பயன்படுத்துவதில்லை. 1806 ஜூலை 10-ஆம் தேதி விடியும் முன்னே கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புதுத் தலைப்பாகை, காதில் கடுக்கன் போடக்கூடாது, நெற்றியில் குறி இடக்கூடாது என்று வெள்ளைக்கார அதிகாரிகள் போட்ட உத்தரவு ஒரு காரணம். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப் படையோடு வந்து அடக்கியபோது நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். அதற்கு நகரத்தில் ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. அதே நகரத்தில் லாங் பஜார் மணிக்கூண்டில் இன்னொரு கல் இருக்கிறது. 1914-1919 பெரும்போருக்கு (முதல் உலகப் போர்) இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று பொறித்த கல். ஒன்று வெள்ளைக்காரனை எதிர்த்துச் செத்தவர்களுக்கு, இன்னொன்று வெள்ளைக்காரனுக்காகப் போய்ச் செத்தவர்களுக்கு. இரண்டுக்கும் நடுவே தினமும் பஸ்ஸில் போகிற பத்தாம் வகுப்புப் பையனிடம், இவர்களில் யார் தேசபக்தர் என்று கேட்டுப் பாருங்கள், அரை நாள் வாதம் நடக்கும். அந்தப் 14 பேரும் பிழைப்புக்காகப் போனார்களா, வறட்சிக்குப் போனார்களா, ஜமீனுக்குப் பயந்து போனார்களா, யாருக்கும் தெரியாது, ஏனென்றால் கல்லில் எண்ணிக்கைதான் இருக்கிறது, பெயர் இல்லை.

பெயர் எழுதாமல் விடுவது நம்முடைய பழக்கமாக எப்போது ஆனது என்று யோசித்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டு, அதில் எந்த அரசன் காலம், எந்த ஊர், யாருடைய மகன், எந்தச் சண்டை என்று பொறித்து வைத்த ஆட்கள் நாம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்டது. அவன் கூடவே நின்று இரண்டு கள்ளர்களைக் கடித்த நாய்க்கும் அதில் உருவமும் பெயரும் உண்டு, கோவிவன் என்று. 1,400 வருஷத்துக்கு முன்னே ஊரைக் காத்த நாயின் பெயரை இன்றைக்கு நம்மால் சொல்ல முடிகிறது. சியாச்சின் பனிமலையில் உயிர்விட்ட எங்கள் மாவட்டத்துக்காரரின் பெயரைச் சொல்ல முடியவில்லை.

அது 2016 பிப்ரவரி 3. சுமார் 19,600 அடி உயரத்தில் சோனம் என்ற காவல் நிலை, 19-ஆவது மதராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர், பனிச்சரிவு வந்து மூடிவிட்டது. 6 நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை மட்டும் உயிரோடு தோண்டி எடுத்தார்கள், நாடே டிவி முன்னால் உட்கார்ந்து வேண்டிக்கொண்டது, அவரும் 11-ஆம் தேதி போய்விட்டார். அவர் கர்நாடகக்காரர், அவர் பெயர் எல்லாருக்கும் தெரியும், தெரிய வேண்டியதுதான். கூட இருந்த மற்ற 9 பேரில் 4 பேர் தமிழ்நாடு. மதுரை, தேனி, கிருஷ்ணகிரி, அப்புறம் எங்கள் வேலூர். வேலூர்க்காரர் ஹவில்தார் ஏழுமலை. அந்த வாரம் எல்லாப் பேப்பரிலும் வந்தது, அடுத்த வருஷம் கேட்டபோது என் வகுப்பில் ஒருவருக்கும் நினைவில்லை. திரைப்படம் வந்ததால் மேஜர் முகுந்த் வரதராஜனைப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிகிறது, நல்லது. 1999-இல் கார்கில் போரின் தொடக்கத்திலேயே பட்டாலிக்கில் இறந்து, ஒரு மாதத்துக்கு மேல் உடலே கிடைக்காமல் கிடந்த திருச்சி மேஜர் சரவணனை அவ்வளவாகத் தெரியாது. 2020-இல் கல்வான் பள்ளத்தாக்கில் இறந்த ராமநாதபுரத்து ஹவில்தார் பழனியைக் கேட்டால் கொஞ்சம் யோசிக்கிறார்கள். படம் எடுத்தால்தான் நினைவிருக்கும் என்றால் எத்தனை படம்தான் எடுப்பது?

சியாச்சின் கதையை நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். அந்த 10 பேரையும் எதிரி சுடவில்லை. குளிரும் மலையும் கொன்றது. படையில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் வாழ்நாளில் ஒருவரையும் சுடுவதில்லை, நிற்பதுதான் வேலை, நாள் கணக்காக, மாதக் கணக்காக ஒரே இடத்தில் முழித்துக்கொண்டு நிற்பது. நாட்டுப்பற்றைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்ற பெயரில் பிள்ளைகளுக்கு நாம் காட்டுவதெல்லாம் துப்பாக்கியும் வெடியும் எதிரியைத் திட்டும் வசனமும்தான். ஆண்டு விழாவில் ஏழாம் வகுப்புப் பையன் அட்டைத் துப்பாக்கியோடு பக்கத்து நாட்டுக்காரனை மிதிக்கிற மாதிரி நடிக்கிறான், பெற்றோர் விசில் அடிக்கிறார்கள். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியில், "எதிரே நின்னவனும் குளிருல நடுங்கிட்டுத்தான் நின்னான், அவனை நான் ஒரு நாளும் கேவலமா பேசினதில்ல, என் வேலை அவன் இந்தப் பக்கம் வராம பாத்துக்கிறது" என்றார். வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிற நமக்குத்தான் வெறுப்பு அதிகமாக இருக்கிறது.

தியேட்டரில் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்க வேண்டும் என்று 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது, 2018 ஜனவரியில் கட்டாயமில்லை என்று அதே நீதிமன்றம் மாற்றியது. அந்த ஒரு வருஷம் நாடு பட்ட பாடு இருக்கிறதே, எழுந்திருக்காதவரை அடித்தார்கள், சக்கர நாற்காலிக்காரரைத் திட்டினார்கள். 52 நொடி நிற்பது பெரிய விஷயம் இல்லை, நான் நிற்பேன், நின்றால் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் அந்த 52 நொடியோடு கடமை முடிந்தது என்று பாப்கார்னை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம் பாருங்கள், அங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், தமிழ்நாட்டில் யாரும் இதைப் பேச விரும்புவதில்லை. 1987-இல் அமைதிப் படையாக இலங்கைக்குப் போனவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். கிட்டத்தட்ட 1,200 இந்திய வீரர்கள் அங்கே செத்தார்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25-இல் அங்கேதான் இறந்தார், பரம வீர சக்கரம் கிடைத்தது. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது வரவேற்க முதலமைச்சர் போகவில்லை. அங்கிருந்த தமிழ் மக்கள் அந்தப் படையின் கையால் பட்ட துயரமும் உண்மை, அதை மூடி மறைத்து வீரக் கதை சொல்லச் சொல்லவில்லை. ஆனால் அனுப்பியது டெல்லி, போகச் சொன்னதால் போனவன் இருபது வயதுத் தமிழ்ப் பையன், எதிரே நின்று திட்டினவர்களும் தமிழிலேயே திட்டினார்கள். அந்த மனுஷன் திரும்பி வந்து முப்பது வருஷத்துக்கு மேல் வாயைத் திறக்காமல் இருக்கிறார். எங்கள் உறவிலேயே ஒருவர் உண்டு. கல்யாண வீட்டில் யாராவது இலங்கைப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய் நிற்பார். சிப்பாய்க்கு மரியாதை செய்வது வேறு, அவனை அனுப்பிய அரசாங்கத்தின் முடிவுக்குக் கைதட்டுவது வேறு. வளர்ந்த பிள்ளைகளுக்கு, பதினொன்று, பன்னிரண்டு படிக்கிறவர்களுக்கு, இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாவிட்டால் நாம் சொல்லிக்கொடுப்பது நாட்டுப்பற்று இல்லை, கோஷம் போடப் பழக்குகிறோம்.

சரி, உயிரோடு நம் நடுவில் இருக்கிறவர்களை எப்படி நடத்துகிறோம்? மிலிட்டரிக்காரர் என்றதும் ஊரில் வருகிற முதல் கேள்வி, கேன்டீன் சரக்கு கிடைக்குமா என்பதுதான். சிரிப்புக்குச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் குடிக்கமாட்டார், ஆனாலும் மாதம் பிறந்தால் அவரைத் தேடி வருகிற ஆட்களைப் பார்த்தால் ஏதோ பெரிய தலைவர் வீடு என்று நினைப்பீர்கள். அடுத்த கேள்வி, "இவ்வளவு சீக்கிரம் ஏன் வேலைய விட்டுட்டு வந்துட்டீங்க?" விட்டுவிட்டு வரவில்லை, சாதாரண சிப்பாய்க்கு முப்பத்தைந்து, நாற்பது வயதுக்குள் ஓய்வு கொடுத்துவிடுவார்கள், படைக்கு இளமை வேண்டும் என்பதற்காக. அந்த வயதில்தான் பிள்ளைகளின் படிப்புச் செலவு ஏறுகிறது. அதனால்தான் ஏடிஎம் வாசலிலும் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலிலும் நீல யூனிஃபார்மில் நிற்கிறார்கள். காரை நிறுத்தி கேட்டைத் திறக்க இரண்டு நொடி தாமதமானதற்கு அவரைப் பார்த்துக் கத்துகிற பையன் அதே ஆகஸ்ட் 15-இல் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைக்கிறான்.

இது இனிமேல் இன்னும் பெரிதாகத்தான் ஆகும். 2022-இல் கொண்டுவந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 4 வருஷம் முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள், மற்றவர்கள் மொத்தத் தொகை ஒன்றோடு இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில் ஊர் திரும்புவார்கள், பென்ஷன் கிடையாது. திட்டம் நல்லதா கெட்டதா என்று சண்டை போட இந்தக் கடிதத்தில் இடமில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் பையன்கள் திரும்பி வரும்போது 'பட்டாளத்துல நிக்க முடியாம வந்துட்டான்' என்று ஊர் பேசாமல் இருக்க வேண்டுமே, அதற்கு இப்போதே பள்ளியில், வீட்டில் பேசியாக வேண்டும்.

டிசம்பர் 7 கொடிநாள். 1949-இலிருந்து நடக்கிறது. சிவப்பு, கருநீலம், இளநீலம் என்று மூன்று படைக்கும் மூன்று நிறம். பள்ளிக்கு ஒரு கட்டுக் கொடி வரும், இவ்வளவு வசூல் செய்து கட்ட வேண்டும் என்று வரும், வகுப்பாசிரியை பிள்ளைகளிடம் பத்து ரூபாய், இருபது ரூபாய் வாங்குவார், குண்டூசியில் கொடி, முடிந்தது. அந்தப் பணம் போரில் இறந்தவர்களின் மனைவிகளுக்கும் ஊனமுற்ற வீரர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கும் போகிறது என்று ஒரு வார்த்தை யாரும் சொல்வதில்லை. பத்து ரூபாய் கொடுத்த பிள்ளை அதை ஏதோ ஸ்பெஷல் ஃபீஸ் என்று நினைத்துக்கொள்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது, அங்கிருந்து ஒருவரை அன்றைக்கு அழைத்து அரை மணி நேரம் பேசவிட்டால் என்ன குறைந்துவிடும்?

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வேலையே இருக்கிறது. நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டும். ராணுவ பென்ஷன் எல்லாம் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணையத்தளத்துக்குப் போய்விட்டது. எண்பது வயதுக் கிழவிக்கு, கணவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு, ஸ்பர்ஷ் என்றால் என்ன தெரியும்? படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கை எங்கே வைத்தோம் என்றே தெரியாது. ஒரு எழுத்து ஆதாரில் மாறியிருந்தால் பணம் நின்றுவிடும், நெட் சென்டருக்கு ஒரு தரம், பேங்குக்கு ஒரு தரம் என்று ஆட்டோவில் அலைகிறார்கள். செல்போனில் முகத்தைக் காட்டியே உயிர்ச் சான்று கொடுக்கும் வசதி வந்துவிட்டது, அந்தக் கிழவிகளுக்கு அதைச் செய்துகொடுக்க ஆள் இல்லை. நம் பள்ளிகளில் என்சிசி இருக்கிறது, என்எஸ்எஸ் இருக்கிறது, பையன்கள் கையில் போன் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. நவம்பர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, ஆசிரியர் ஒருவர் கூடவே இருந்து (ஓடிபி திருட்டு நடக்கிற காலம், தனியாக அனுப்பக்கூடாது), ஊரில் இருக்கிற முன்னாள் படைவீரர் வீடுகளுக்கும் அவர்களின் மனைவிமார் வீடுகளுக்கும் போய் இந்த வேலையை முடித்துக்கொடுக்கட்டும். போன இடத்தில் காபி கொடுப்பார்கள், சுவரில் மாட்டியிருக்கும் போட்டோவைக் காட்டி அந்தப் பாட்டி பேச ஆரம்பிப்பார். அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால் அந்த ஊரின் ராணுவ வரலாறு எழுதியாகிவிட்டது.

அந்த நோட்டுதான் எனக்கு வேண்டும். ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஒரு தடிமனான நோட்டு, ஊர்க்காரர் பெயர், சேர்ந்த ஆண்டு, படைப்பிரிவு, இருந்த இடங்கள், அவர் வாயால் சொன்ன ஒரு கதை. உயிரோடு இருப்பவர், இறந்தவர், போரில் போனவர், விபத்தில் போனவர், எல்லாரும். அவர்கள் வீட்டுப் பெண்களையும் சேர்த்து எழுத வேண்டும். மூன்று வருஷம் தனியாகப் பிள்ளை வளர்த்து, வயலைப் பார்த்து, தந்தி என்றாலே வயிறு கலங்கி உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். நானும் அதில் ஒருத்தி என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. அப்புறம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு பலகை. ஊராட்சித் தலைவர்கள் பெயர்ப் பலகை எல்லா ஊரிலும் இருக்கிறது, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று பெயிண்டில் எழுதி. அதற்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. ஆகஸ்ட் 15, ஜனவரி 26 கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டால் முடிகிற வேலை, பெரிய நிதி ஒன்றும் தேவையில்லை. எங்கள் ஊர்க் கிராம சபையில் இதைக் கேட்டேன், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள், அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.

உங்களிடம் ஒரு கோரிக்கையும் உண்டு. ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். 1953-இல் அந்த நாளில்தான் கரியப்பா ராணுவத் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார், அதனால் வைத்தார்கள். நமக்கு அது போகியிலோ பொங்கலிலோ போய் விழுகிறது, யார் கவனிக்கிறார்கள்? உங்கள் பொங்கல் மலரில் கரும்பு விலைக்கும் நடிகர் பேட்டிக்கும் நடுவே மாவட்டத்துக்கு ஒரு முன்னாள் சிப்பாய் என்று அரைப் பக்கம் கொடுங்கள். பெரிய அதிகாரி வேண்டாம், விருது வாங்கியவர்தான் வேண்டும் என்றும் இல்லை. லாரி ஓட்டினவர், சமைத்தவர், கம்பி இழுத்தவர் என்று பாருங்கள். அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள், பொன்னாடை போர்த்தியவர் பெயர் இல்லாமல் போனாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நிருபர் அனுப்ப ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், வேலூர் மாவட்டத்துக்கு நானே எழுதி அனுப்புகிறேன், எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
வேலூர் மாவட்டம்.